"எங்க அரிசி பொங்காதா சார்?"

கேள்வி:

சார் வணக்கம். நான் போன வருஷம் கவுன்சிலிங்ல ஹெச்எம் புரமோஷன் வாங்கி நீடாமங்கலம் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளிக்கு வந்தேன். சொந்த ஊரு கும்பகோணம், தினம் பஸ்லதான் வர்றேன். பசங்க நூத்திச்சொச்சம் பேரு, டீச்சர்ஸ் ஏழு பேரு, அந்த ஏழு பேரும் ரெண்டு குரூப்பு. எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டம்னா நாலு பேரண்ட்ஸ் வந்து கையெழுத்து போட்டுட்டு கிளம்பிடுவாங்க. "ஊரோட பண்பாட்ட ஸ்கூலுக்குள்ள கொண்டுவாங்க, எல்லாம் தானா சரியாகும்"னு ஒரு ட்ரெயினிங்ல சொன்னாங்க, நானும் நம்பி கைக்காசு போட்டு பொங்கல் விழா, ஆண்டுவிழா எல்லாம் ஜோரா பண்ணேன், மறுநாள் அதே சண்டை, அதே ஆப்சென்ட். இப்ப கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருத்தர் அடுத்த விழா செலவு மொத்தத்தையும் ஏத்துக்கறேன், ஆனா மேடையில முதல் மாலை எங்க குடும்பத்துக்குத்தான், அதான் ஊர் வழக்கம்ங்கறார். இது காதுல விழுந்ததும் காலனித் தெரு அம்மாங்க "அப்ப நாங்க வரல டீச்சர்"னு சொல்லிட்டாங்க. பாரம்பரியம்னு போனா சாதி வந்து உக்காந்துக்குது, வேணாம்னு விட்டா ஊரு ஒட்டவே மாட்டேங்குது. நான் என்னதான் பண்ணட்டும் சார்? (பேரு ஊரு போட வேணாம்.)

பதில்:

டீச்சர் வணக்கம். உங்க லெட்டர்ல அந்த காலனி அம்மாங்க சொன்ன வரிய படிச்சதும், 25 வருஷத்துக்கு முன்னாடி நான் வாங்குன ஒரு அடி ஞாபகம் வந்துருச்சு. அதச் சொல்லிட்டு மத்ததுக்கு வர்றேன்.

நான் மொதமொதல்ல ஹெச்எம்மா போனது திருத்துறைப்பூண்டிக்குத் தெக்க ஒரு கடைமடை கிராமம், அதாவது ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம். அந்த வருஷம் தை மாசம் ஸ்கூல்ல பொங்கல் வச்சோம், மூணு பானை, கரும்பு கட்டி, மாக்கோலம் போட்டு, எல்லாம் அம்சமா இருந்துச்சு. அரிசி வெல்லம் எல்லாம் ஊர்த்தெரு வீடுகள்ல வாங்குனேன். காலனிப் பிள்ளைங்ககிட்ட "நீங்க ஒண்ணும் கொண்டாற வேணாம்டா, வந்து சாப்ட்டுட்டு போனா போதும்"னு சொன்னேன், சத்தியமா நல்ல மனசுலதான் சொன்னேன், இல்லாதப்பட்ட ஜனம் அவங்கள ஏன் செரமப்படுத்தணும்னு. பானை பொங்கி பசங்க பொங்கலோ பொங்கல்னு கத்திக்கிட்டு இருக்கப்ப ஸ்கூல் கேட்டுகிட்ட ஒரு பாட்டி நிக்குது, முந்தானையில அரிசி முடிஞ்சிருக்கு, ஒரு படி இருக்கும், சேலைத்துணி வழியாவே செவப்பு தெரியுது. "எங்க அரிசி பொங்காதா சார்?"னு கேட்டுச்சு. கோவமா கேட்ருந்தா பதிலுக்கு ஏதாச்சும் சொல்லிருப்பேன், பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேக்கற மாதிரி கேட்டுச்சு, எனக்கு வாயே வரல. கொஞ்ச நேரம் நின்னுட்டு பேரனோட தலைய தடவிட்டு போயிருச்சு. அந்த முடிச்ச அவுக்கவே இல்ல.

வாங்கிக்கற எடத்துல ஒரு தெருவையும் குடுக்கற எடத்துல இன்னொரு தெருவையும் உக்கார வச்சுட்டு அதுக்கு நான் விழான்னு பேரு வச்சிருந்தேன். நீங்க கைக்காசு போட்டு பண்ண விழாவும் கிட்டத்தட்ட இதேதான் டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஊரே சேந்து பண்ண வேண்டியத நீங்க ஒருத்தரே தூக்கிட்டீங்க, ஊரு வந்து சேர்ல உக்காந்து பார்த்துட்டு போயிருச்சு.

அடுத்த வருஷம் பிடி அரிசின்னு வச்சோம். எல்லாத் தெரு வீட்டுலயும் ஒரு பிடி, கூட வேணாம் கொறைய வேணாம், பணக்கார வீடா இருந்தாலும் ஒரு பிடிதான். வாங்கப் போற பசங்களயும் தெரு மாத்தி கலந்து நாலு நாலு பேரா அனுப்புனேன். வந்த அரிசி அத்தனையும் எல்லார் கண்ணு முன்னாடியும் ஒரே அண்டாவுல. பொன்னி, ரேஷன் அரிசி, யாரோ வீட்டு மாப்பிள்ளைச் சம்பா எல்லாம் ஒண்ணா கெடந்துச்சு. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு, ஆனா செவப்பரிசி வேகறதுக்குள்ள பொன்னி கொழைஞ்சு பசை ஆயிருச்சு, சமைச்ச அம்மா என்னத் திட்டுன திட்டு இருக்கே, "வாத்தியாருக்கு சோறு திங்கத்தான் தெரியும்"னு. அதுக்கடுத்த வருஷம் முந்துன நாளே வாங்கி ராத்திரியே ஊறப்போட்டோம். இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும், மூணாவது வருஷம் கூட ஒரு நாலஞ்சு வீட்டுக்காரங்க அன்னிக்கு மட்டும் பிள்ளைங்கள அனுப்பல. நான் போயி சண்டை போடல, அதுக்காக பானையையும் பிரிக்கல. பாட்டி ரெண்டாவது வருஷமே வந்துச்சு, ஆனா அரிசிய அதுவா கொட்டாது, பேரன் கையில குடுத்துத்தான் கொட்டச் சொல்லும்.

டெல்டாவுல பாரம்பரியம்னு நாம மொத்தமா சொல்றதுல ரெண்டு சரக்கு கலந்து கெடக்கு. திருவாரூர் ஆழித்தேர எடுத்துக்கங்களேன். அந்த வடத்தப் புடிச்சு இழுக்கறதுக்கு ஆயிரக்கணக்குல ஆளு வேணும், ஒருத்தன் கூட நான் மட்டும் இழுத்தேன்னு சொல்ல முடியாது, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடறவன் கை தவறுனா தேரு எங்க போயி நிக்கும்னு தெரியாது. அது ஒரு சரக்கு. இந்தப் பக்கம் ஊருக்கு ஊரு பரிவட்டம் (கோயில்ல மரியாதைக்கு தலையில கட்டற துணி) யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு, தேரு எந்தத் தெருவுக்குள்ள திரும்பாதுன்னு ஒரு கணக்கு இருக்கு பாருங்க, அது வேற சரக்கு. ஸ்கூலுக்குள்ள வடத்த கொண்டாங்க, பரிவட்டத்த வாசல்லயே நிறுத்திருங்க. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில 44 பேர குடிசைக்குள்ள வச்சு கொளுத்துனதும் இதே மண்ணுலதான், கூலி நெல்லு கூடக் கேட்ட சண்டையில. நம்ம மண்ணு நம்ம பெருமைன்னு மைக்ல பேசறப்ப நமக்கு மறந்துடும், முன்வரிசையில உக்காந்துருக்க சில தாத்தா பாட்டிங்களுக்கு மறக்காது.

இப்ப உங்க பெரியவர் விஷயம். அவர எதிரியா ஆக்கிடாதீங்க, அவரும் அந்த ஸ்கூல்ல படிச்சவராத்தான் இருப்பார். வாட்ஸ்அப்ல பதில் போடாதீங்க, கமிட்டி ஆளுங்க கூட இருக்கறப்பவும் பேசாதீங்க, வீட்டுக்குப் போயி திண்ணையில உக்காந்து, அந்த வீட்டம்மா குடுக்கற காப்பியக் குடிச்சுட்டு சொல்லுங்க: "ஐயா, பள்ளிக்கூடத்துல முதல் மாலை இந்த வருஷம் ஒண்ணாம் கிளாஸ் சேர்ந்த பிள்ளைங்களுக்குத்தான்னு எஸ்எம்சியில முடிவு பண்ணிருக்கோம், அந்த மாலைய உங்க கையால நீங்கதான் போடணும்." வாங்கறவர குடுக்கறவரா மாத்தி விடறீங்க, அவ்வளவுதான், பெரும்பாலான பெரியவங்க இதுல உருகிடுவாங்க. ஆனா ஒண்ணாங்கிளாஸ்ல சேர்ந்த எல்லாப் பிள்ளைக்கும் அவர் கையாலயே போடணும், காலனிப் பிள்ளைக்கு வர்றப்ப மட்டும் மாலைய வேற ஆளு கையில மாத்தற வேலை இருக்கக்கூடாது, அதயும் அங்கயே நயமா சொல்லிருங்க. ஒத்துக்கலன்னா "சரிங்க ஐயா, செலவ நாங்க பார்த்துக்கறோம், நீங்க வந்து முன்னாடி உக்காந்தா போதும்"னு கும்புட்டுட்டு வந்துருங்க. முழு விழா செலவ ஒரே ஆளுகிட்ட வாங்கவே கூடாது டீச்சர், வாங்குனா விழா அவர் வீட்டு விசேஷமா ஆயிடும்.

எஸ்எம்சி முடிவுன்னு சொல்லச் சொன்னேன்ல, அது பேருக்கு இல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல அந்தக் குழுவுல முக்கால்வாசி பேரு பெற்றோரா இருக்கணும், பாதி பேரு பெண்களா இருக்கணும், நலிஞ்ச பிரிவு பெற்றோருக்கு அவங்க விகிதத்துக்கு எடம் இருக்கணும்னு தெளிவா இருக்கு. பேப்பர்ல எல்லா ஸ்கூல்லயும் சரியாத்தான் இருக்கும். அந்த அம்மாங்க ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்கன்னா கூட்டத்த நாம காலைல பதினோரு மணிக்கு வச்சிருப்போம், அவங்க அந்நேரம் நடவுல முழங்கால் சேத்துல நிப்பாங்க, மதியம் ஒண்ணு ரெண்டு மணிக்கு கரையேறி வந்தாத்தான் ஒரு வாய் சோறு. நேரத்த அவங்கள கேட்டு வைங்க. வட்டமா தரையில உக்காருங்க, சேர் போட்டா சேருக்கு ஒரு வரிசை வந்துரும். கோயில் மண்டபத்துல மட்டும் வச்சுடாதீங்க, உள்ள வர முடியாதவங்க யாருன்னு ஊருக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது.

உங்க ட்ரெயினிங்ல சொன்ன வார்த்தைக்கு வர்றேன். பண்பாடுன்னா நாம உடனே கரகாட்டம் கும்மி கோலாட்டம்னு ஸ்டேஜுக்கு ஏறிடறோம். நான் இப்ப ஹெச்எம்களுக்கு கிளாஸ் எடுக்கப் போனா ஸ்டேஜ பத்தி பேசறதே இல்ல, காலைல ஒம்போதே காலுக்கு உங்க கேட்டுல என்ன நடக்குதுன்னுதான் கேப்பேன். லேட்டா வந்தவன வெளிய நிக்க வைக்கறீங்களா? குறுவை நடவு சமயம்னா அம்மா விடிகாலைலயே வயலுக்கு போயிருப்பா, தங்கச்சிக்கு தலை சீவி விட்டு கூட்டிட்டு வர்ற அஞ்சாங்கிளாஸ் புள்ள லேட்டாத்தான் வரும், அத வெளிய நிறுத்துனா நீங்க தண்டிக்கறது அதோட உழைப்பதான். நிறுத்தறத விட்டுட்டு "வாம்மா, சாப்ட்டியா?"னு கேளுங்க, வீட்டுக்கு வந்தவங்கள நம்ம ஊருல மொதல்ல கேக்கறது இதத்தானே, அதவிட பெரிய பாரம்பரியத்த எங்கன்னு போயி தேடறது.

சாப்பாடுன்னதும் இன்னொண்ணு. காலை உணவுத் திட்டம் 2022ல மதுரையில ஆரம்பிச்சு 2023 ஆகஸ்ட் 25ல நம்ம திருக்குவளையிலதான் மாநிலம் முழுக்க விரிவு பண்ணாங்க. ஒரு வாரம் நீங்க அந்த உப்புமா நேரத்துல ஓரமா நின்னு கவனிங்க, எந்தப் பிள்ளை பக்கத்துல எந்தப் பிள்ளை உக்காருது, எவன் வீட்டுலேந்து தனித் தட்டு கொண்டாறான், யாரு "எனக்கு பசிக்கல மிஸ்"னு தெனமும் ஒரே பதில் சொல்றான். உங்க ஸ்கூலோட கல்ச்சர் அந்த இருவது நிமிஷத்துல மொத்தமா தெரிஞ்சுரும். யாரையும் கூப்ட்டு அட்வைஸ் பண்ண வேணாம். நீங்களும் ஒரு தட்டு எடுத்துக்கிட்டு தெனம் ஒரு எடத்துல போயி உக்காந்து சாப்பிடுங்க, ரெண்டு மாசம். ஹெச்எம் எங்க உக்காருதுன்னு பசங்க கணக்கு வச்சுக்கும், சாயங்காலம் வீட்டுக்குப் போயி சொல்லும்.

அப்புறம் தண்ணி. டெல்டா ஸ்கூலுக்கு ஒரு வசதி இருக்கு, தண்ணி இருக்கற வருஷம்னா ஸ்கூல் தொறக்கறதும் மேட்டூர் தொறக்கறதும் ஒரே ஜூன் மாசம். ஜூன் 12ன்னு எழுதிருந்தாலும் எல்லா வருஷமும் வாய்க்கறது இல்ல, 2024ல ஜூலை 28 ஆயிருச்சு. தொறந்தாச்சுன்னு பேப்பர்ல போட்டா கல்லணைக்காரன் சந்தோஷப்படுவான், கடைமடைக்காரன் நம்ப மாட்டான், தன் வாய்க்கால்ல நுரையும் சருகும் தள்ளிக்கிட்டு புதுத்தண்ணி வர்றத கண்ணால பார்த்தாத்தான் நம்புவான். உங்க பக்கத்துலயே மூணாறு தலைப்பு இருக்கே, வெண்ணாறு அங்க வந்து கோரையாறு பாமணியாறுன்னு பிரியறத பசங்கள ஒரு நாள் கூட்டிட்டுப் போயி காட்டுங்க, ஷட்டர எவ்வளவு தூக்குனா யாருக்கு எவ்வளவு போகும்னு அங்க ஷட்டர பார்த்துக்கற லஸ்கர பேசச் சொல்லுங்க. திரும்பி வந்து ஒரே ஒரு கேள்விய ஸ்டாஃப் ரூம்ல வைங்க, நம்ம ஸ்கூல்ல கடைமடை யாரு? நாம நடத்தற பாடம், நாம சிரிக்கற சிரிப்பு, நாம குடுக்கற மேடை வாய்ப்பு, எதுவுமே போயி சேராம காஞ்சு கெடக்கற பிள்ளைங்க யாரு யாருன்னு பேரு எழுதச் சொல்லுங்க. நான் பார்த்த வரைக்கும் ரெண்டு குரூப் டீச்சர்ஸும் எழுதற பேரு ஒண்ணாத்தான் இருக்கும். குரூப் சண்டைக்கு இதவிட நல்ல மருந்து எனக்கு கிடைச்சதில்ல.

முறை வைக்கறதும் இங்க பொறந்த பிள்ளைக்கு சொல்லியே தர வேணாம். தண்ணி பத்தாதப்ப காவிரிக்கு இத்தன நாள் வெண்ணாத்துக்கு இத்தன நாள்னு முறை வைக்கறத வீட்டுல கேட்டு வளர்ந்ததுங்க. மத்தியானம் குழாயடியில பெரிய பசங்க இடிச்சுத் தள்ளிட்டு மொதல்ல கழுவுறது, கேரம்போர்ட ஒரே செட்டு புடிச்சு வச்சுக்கறது, இதுக்கெல்லாம் முறை நோட்டுன்னு ஒண்ணு போட்டு அத பசங்களே எழுதட்டும். நான் ஒரு ஏழாங்கிளாஸ் பொண்ண லஸ்கரா போட்டேன், கையில ஒரு குச்சி கூட கெடையாது, நோட்டும் பேனாவும்தான். ஒரு மாசத்துல என்னையே "சார், உங்க முறை இன்னும் வரல"ன்னு கை கழுவ விடாம நிறுத்திட்டா.

குடிமராமத்துன்னு ஸ்கூல சுத்தம் பண்ண ஊரக் கூப்பிடறது நல்ல வழக்கம், வீட்டுக்கு ஒரு ஆளு, மம்மட்டி அவங்கவங்க வீட்டுது, வாய்க்கால் தூர்வார வந்த மாதிரியே வருவாங்க. ஆனா ஒரு எடத்துல நீங்க கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு நிக்கணும். புல்லு வெட்டறது ஒரு தெரு, கக்கூஸ் கழுவறது இன்னொரு தெருன்னு யாரும் சொல்லாமலே பிரிஞ்சுக்கும். அன்னிக்கு கக்கூஸ் பக்கம் ஊரு ஆளு யாரும் போக வேணாம், அதுக்குன்னு சம்பளத்துல இருக்கற தூய்மைப் பணியாளர் கையுறை பூட்ஸோட செய்யட்டும். பிள்ளைங்கள அந்த வேலைக்கு எந்த நாளும் எந்தக் காரணத்துக்கும் விடாதீங்க.

தப்பு, அதான் பறை, அந்த விஷயத்துலயும் இதே கவனம் வேணும். உங்க ஊருல நிச்சயம் ரெண்டு மூணு பேரு வாசிக்கறவங்க இருப்பாங்க. விழாவுக்கு கூப்ட்டு விஐபி வர்றப்ப கேட்டுல நின்னு அடிங்கன்னா, காலங்காலமா ஊரு அவர வச்ச எடத்துலயே நாமளும் வைக்கறோம், அதுக்கு கலைன்னு பேரு வேற. நான் ஒரு பெரியவர வாரத்துக்கு ஒரு நாள் ஆசானா கூப்ட்டேன், சேர் போட்டு, கைச்செலவுக்கு கவர்ல பணம் வச்சு, எல்லாத் தெருப் பிள்ளைங்களுக்கும் அவர் கத்துக்குடுத்தார். மொத நாளு அவர் அடிக்கவே இல்ல. கொஞ்சம் வைக்கோல் கேட்டார், கொளுத்துனார், தப்ப நெருப்புக்கு மேல காட்டி மெதுவா சுத்திக்கிட்டே விரலால தட்டி தட்டிப் பார்த்தார், பொத்து பொத்துன்னு கெடந்த தோலு கொஞ்சம் கொஞ்சமா ஏறி கணீர்னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, பசங்க அத்தனையும் ஒரு அடி பின்னாடி போயிட்டு அப்புறம் ரெண்டு அடி முன்னாடி வந்துச்சுங்க. சயின்ஸ் டீச்சர் அப்படியே புடிச்சுக்கிட்டாங்க, ஈரம் போனா தோலு இறுகும், இறுகுனா அதிர்வு கூடும், சத்தம் ஏறும்னு. அந்தப் பெரியவரோட பேத்தி எங்க ஸ்கூல்லதான் அஞ்சாவது, அதுவரைக்கும் தாத்தா என்ன வேலைன்னு கேட்டா பதிலே சொல்லாது. அன்னிக்கு அது அவர் பக்கத்துல போயி நின்னுச்சு. இப்ப கலைத் திருவிழாவுல இதுக்கெல்லாம் மேடை இருக்கு, ஆனா போட்டிக்கு ட்ரெயினிங் குடுக்கறதும் ஒரு ஆளுக்கு ஆசான்னு மரியாதை குடுக்கறதும் வேற வேற, ரெண்டையும் பண்ணுங்க.

விதை விஷயம் ஒண்ணு, எனக்கு ரொம்பப் புடிச்சது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நெல் ஜெயராமன் ஐயா ஆதிரெங்கத்துல நடத்துன நெல் திருவிழாவுல விவசாயிக்கு பாரம்பரிய விதை 2 கிலோ குடுப்பாங்க, அடுத்த வருஷம் அவர் 4 கிலோவா திருப்பித் தரணும். அவர் 2018 டிசம்பர்ல தவறிட்டார், அதுக்குள்ள 174 ரகத்த மீட்டு வச்சிருந்தார். இந்த ரெண்டு நாலு கணக்க நான் வாசிப்புக்கு எடுத்துக்கிட்டேன். ஆறாவது பிள்ளைகிட்ட வாசிக்கக் கத்துக்கிட்ட மூணாவது பிள்ளை அடுத்த வருஷம் சின்னவங்க ரெண்டு பேருக்கு கத்துத் தரணும், கடன் மாதிரி. திண்ணைப் பள்ளிக்கூடத்து சட்டாம்பிள்ளை முறைதான் இது, மெட்ராஸ்ல இத பார்த்துட்டுத்தான் ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியார் இங்கிலாந்து வரைக்கும் கொண்டுபோனார்னு படிச்சிருக்கேன். ஆனா சட்டாம்பிள்ளை கையில பிரம்பும் இருந்துச்சு, அத விட்ருங்க.

அடி பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் ரெண்டு வரி. ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி பிரேயர்ல நிக்க வச்சு விசாரிக்கறது, ஃபைன் போடறது எல்லாம் வேணாம், உடம்ப அடிக்கறது மட்டுமில்ல மனச நோகடிக்கறதும் அதே கல்வி உரிமைச் சட்டத்துல 17ஆம் பிரிவுப்படி குத்தம். சண்டை போட்ட ரெண்டு பேரயும் மரத்தடியில உக்கார வச்சு யாருக்கு எங்க வலிச்சுதுன்னு மாத்தி மாத்தி பேச விடுங்க. கையில சாதிய காட்டற கலர் கயிறு கட்டிட்டு வந்தா, அது கூடாதுன்னு நீதிபதி சந்துரு குழு 2024ல சொன்னது உங்களுக்குத் தெரியும், ஆனா ஒருத்தன மட்டும் கூப்ட்டு அறுக்காதீங்க, வீடுகள்ல பேசிட்டு எல்லாரும் ஒரே நாள்ல அவங்க கையாலயே அவுக்கட்டும்.

கல்விச் சீர் கேட்டு யாராச்சும் வருவாங்க, மேளதாளத்தோட தாம்பாளத்துல வச்சு பீரோ, ஃபேன், நோட்டு எல்லாம் ஊர்வலமா கொண்டாறது. நல்லதுதான், வாங்கிக்கங்க. ஆனா பீரோ குடுத்தவர் பேரு பெருசா ஃபிளக்ஸ்ல, பென்சில் டப்பா குடுத்தவ பேரே இல்லன்னா மறுபடி பரிவட்டம்தான். எங்க ஸ்கூல்ல மொய் நோட்டுன்னு ஒண்ணு போட்டோம், பேராவூரணிப் பக்கம் மொய் விருந்துல எழுதற அதே நீள நோட்டு. அதுல ரூபாய் காலமே கெடையாது. "மேலத்தெரு, குழாய் ரிப்பேர், ரெண்டு மணி நேரம்." "காலனி, நடவுப்பாட்டு சொல்லிக் குடுத்தது, மூணு நாள்." "தர்கா தெரு, கம்ப்யூட்டர் ரூம் வயரிங்." கேட்டுகிட்டயே தொங்கும், யாரும் புரட்டலாம். மொய் வாங்குனா திருப்பிச் செய்யணும்ல, ஸ்கூலு எப்படி செய்யறது? அந்த வீட்டுல ஒரு துக்கம்னா ஹெச்எம் போயி நிக்கணும். எந்தத் தெருவா இருந்தாலும். நீங்க கும்பகோணத்துலேந்து வர்றீங்க, கடைசி பஸ்ஸ விட்ருவோம்னு பயம் இருக்கும், புரியுது, மாசத்துல ஒரு தடவ போதும், கூட எதிர் குரூப் டீச்சர் ஒருத்தர கூட்டிட்டுப் போங்க. கல்யாணத்துக்கு போறத யாரும் ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க.

பூஜை புனஸ்காரம் ஸ்கூலுக்குள்ள வேணாம், அறுவடைய கொண்டாடறதுக்கு வயலும் அரிசியும் போதும். அதுக்குப் பதிலா ஒரு காலண்டர் போடுங்க, மாரியம்மன் காப்புக் கட்டறது, நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணி கொடியேத்தம், ஆடிப்பெருக்கு, நடவு எப்ப, அறுப்பு எப்பன்னு பசங்களே அவங்கவங்க வீட்டுல கேட்டு எழுதட்டும். எந்த வாரம் எந்தத் தெரு ஆப்சென்ட் ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுரும், டெஸ்ட அந்த வாரம் வைக்க மாட்டீங்க.

பொங்கல் வைக்கறப்ப அடுப்ப கட்டடத்துலேந்து நல்லா தள்ளி வைங்க, காத்தடிக்கற பக்கம் பார்த்து, கீத்துப் பந்தல் கிட்ட வேணவே வேணாம், ரெண்டு வாளி மணலு, நாலு வாளி தண்ணி. 2004 ஜூலை 16ல உங்க கும்பகோணத்துலதான் ஸ்கூல் தீயில 94 பிள்ளைங்க போச்சு, அது சமையக்கட்டு நெருப்புதான். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

இத்தனையும் ஒரே வருஷத்துல பண்ணாதீங்க, கழுத்தப் புடிச்சுரும். மொதல்ல காலைல ஸ்கூல் கேட்டு, சாப்பாட்டுத் தட்டு, அந்த கடைமடை பேரு லிஸ்ட்டு, இது மூணு போதும். ஒரு சனிக்கிழமை தெரு சுத்தப் போங்க, காலனித் தெருவுலேந்து ஆரம்பிங்க, எல்லாத் திண்ணையிலயும் ஒரே கேள்விய கேளுங்க: "இந்த ஸ்கூல்ல உங்களுக்கு நடந்ததுல மறக்க முடியாதது என்ன?" சொல்றத எழுதிக்கங்க, நடுவுல விளக்கம் குடுக்காதீங்க, அது உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க பண்ணதா இருந்தாலும். எனக்கு அந்த பாட்டி வீட்டுல கிடைச்ச பதிலே வேற, அது சின்னப்புள்ளையா இருக்கப்ப அந்த ஸ்கூல்ல தண்ணிப் பானைகிட்ட அதுங்கள விட மாட்டாங்களாம், யாராச்சும் மொண்டு ஊத்துனா கையேந்தி குடிக்கணுமாம், பொங்கல் அன்னிக்கு நான் "வந்து சாப்ட்டா போதும்"னு சொன்னப்ப அதுக்கு கேட்டது அந்த சத்தம்தான்.

பெரியவர் வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை காலைல போங்க, வெயில் ஏறுறதுக்குள்ள. போயிட்டு வந்து என்ன சொன்னார்னு எழுதுங்க, முகம் எப்படி மாறுச்சுங்கறதயும் சேத்து எழுதுங்க.